டிரம்மர்: பலமா, பாரமா?

1

இதைக் காதல் கதை என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் தனியார் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். "நான் போயிடறேன். அதான் எல்லாருக்கும் நல்லது" என்றான் அவன். "நீ போயிட்டா அப்புறம் இன்னா இருக்குது, சொல்லு" என்றாள் அவள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. நான் இயர்போனை மாட்டிக்கொண்டு, பாட்டை நிறுத்திவிட்டு, கவனமாகக் கேட்டேன். பி.முட்லூர் வரைக்கும் எல்லாம் நல்லபடியாகப் போனது. கோபக்கார அப்பா, துபாய் மாப்பிள்ளை, மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் என்று பாதிக் கதையை நானே கட்டி முடித்திருந்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும் அவன் சொன்னான்:

"என் டபுள் கிக் சுத்தமா இல்ல வாணி. உனக்கே தெரியும்."

(டபுள் கிக் என்பது டிரம் செட்டில் கீழே இருக்கும் பெரிய டிரம்மை இரண்டு கால்களாலும் மாற்றி மாற்றி விடாமல் உதைப்பது. ஹெவி மெட்டல் ரசிகர்களுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது.)

துபாய் மாப்பிள்ளையை அடுத்த ஸ்டாப்பிலேயே இறக்கிவிட்டேன். மிச்சமிருந்தது ஒரு டிரம்மர். நான் காதால் கேட்டதும் அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நானாக இட்டுக்கட்டியது. பெயர்களும் அப்படியே.

2

தொடங்கிப் பார்த்தவை:

"கெடிலம் ஆற்றின் கரையில், நீரலைகள் மெல்லத் தழுவ —"

வேண்டாம். கெடிலத்தில் தண்ணீர் வந்ததும் இந்த வாக்கியத்தை முடிக்கிறேன்.

"செம்பியன் டிரம் குச்சிகளைக் கையில் எடுத்தபோது உலகமே —"

உலகம் ஒன்றும் செய்யவில்லை. எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

மூன்றாவது தொடக்கம். இதையே வைத்துக்கொள்வோம்:

செம்பியனை அவனுடைய பேண்டிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. செம்பியனுக்கு மட்டும் அது தெரியாது.

பேண்டின் பெயர் கெடிலம். கடலூரின் ஒரே ஹெவி மெட்டல் குழு. அதன் சின்னத்தை முள்வேலி போன்ற எழுத்தில் வரைந்திருந்தார்கள். அதைப் படிக்க முடிந்தவர் இன்றுவரை யாருமில்லை. மூன்று பேர். கிட்டார் கதிர்வேல். பேஸ் கிட்டாரும் உறுமலும் (ஹெவி மெட்டலில் பாட்டு என்றால் அதுதான்) இசைவாணி. டிரம்ஸ் செம்பியன். மூவரும் சிதம்பரத்தில் ஒரே கல்லூரியில் படிக்கிறார்கள். பயிற்சி மட்டும் தேவனாம்பட்டினத்தில், செம்பியனின் மாமா வலை போட்டு வைக்கும் ஷெட்டில். அங்கே எவ்வளவு சத்தம் போட்டாலும் கடல் அதைவிட அதிகமாகப் போடும்.

பேண்டைத் தொடங்கியது செம்பியன். கதிர்வேலை ஒரு கல்யாண ஆர்கெஸ்ட்ராவிலிருந்து பிடுங்கி வந்தது செம்பியன். மேடை பிடிப்பது, மைக்செட்காரரைச் சமாளிப்பது, டிரம் செட்டை மாமாவின் குட்டியானை வண்டியில் ஏற்றி இறக்குவது எல்லாம் அவனே.

குறை ஒன்றுதான். தாளத்தை ஓட்டுவான். பாட்டு தொடங்கும்போது மூன்று பேரும் கடலூர் முதுநகரில் ஒன்றாகத்தான் நிற்பார்கள். நடுவில் செம்பியனுக்கு உற்சாகம் வந்துவிடும். அவன் பரங்கிப்பேட்டை போய்ச் சேர்ந்து டீ சொல்லும்போது, மற்ற இருவரும் ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அதற்குள் திட்டக்குடியிலிருந்து அருண்பாண்டியன் என்று ஒருவன் கல்லூரி விடுதிக்கு வந்து சேர்ந்துவிட்டான். டிரம்ஸ் வாசிப்பான். தையல் மெஷின் மாதிரி, ஒரு தையல்கூடப் பிசகாது. கதிர்வேல் யாருக்கும் தெரியாமல் அவனோடு ஒருநாள் வாசித்துப் பார்த்தான். முழுப் பாட்டும் முடிந்தபோது கதிர்வேலுக்கு வேர்க்கவே இல்லை. பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மாதக் கடைசியில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு விழா மேடை. கெடிலத்துக்கு இதுவரை கிடைத்ததில் பெரியது. பிடித்துக் கொடுத்ததும் செம்பியன்தான். அதில் டிரம்ஸ் வாசிக்கப் போவது யார் என்பதுதான் இந்தக் கதை.

3

நம் பக்கத்தில் ஒருவரிடம் நேராகச் சொல்ல முடியாததை ஜாடையாகச் சொல்வது வழக்கம். மருமகளிடம் சொல்ல வேண்டியதைப் பூனையிடம் சொல்வார்கள். அது மருமகள் காதில் விழும். கதிர்வேலிடமும் இசைவாணியிடமும் பூனை இல்லை. ஒரு டிரம்மர் இருந்தார்.

உலகப் புகழ்பெற்ற அமெரிக்க ஹெவி மெட்டல் பேண்ட் ஒன்றின் டிரம்மர்.* செம்பியனின் தெய்வம். அவருக்குச் சரியாக வாசிக்கத் தெரியுமா, தெரியாதா என்று உலகம் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள். மேடையில் ஓட்டுகிறார் என்கிறார்கள். கஷ்டமான இடம் வந்தால் எழுந்து நின்று நாக்கை நீட்டிக் கூட்டத்தை உசுப்பிவிட்டு, அந்த இடத்தை அப்படியே தாண்டிவிடுகிறார் என்கிறார்கள்.

* பெயரை எழுதினால் அவருடைய ரசிகர்கள் வந்துவிடுவார்கள். எழுதாவிட்டால் யாரும் வரமாட்டார்கள். இரண்டாவது எனக்குப் பழகிப்போனது.

ஷெட்டில் இப்படித்தான் நடக்கும்:

"நேத்து அவுங்க லைவ் வீடியோ பாத்தேன் மச்சான்" என்பான் கதிர்வேல். "இன்னா ஓட்டு ஓட்றான் அந்தாளு. கிட்டார்காரன் பாவம், பின்னாடியே மூச்சு வாங்கிக்கினு ஓடியாறான்."

"அது எனர்ஜிடா" என்பான் செம்பியன்.

"எனர்ஜி ஜாஸ்தியாப் போனா அதுக்குப் பேரு வேற மச்சான்."

"கிட்டார்காரனுக்கு எனர்ஜி பத்தல. அதுக்கு டிரம்மர் இன்னா பண்ணுவாரு?"

இசைவாணி பேஸ் கிட்டாரின் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்: "சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அவரை எடுத்துட்டு வேற ஆளப் போட்டாங்கன்னு வச்சிக்க. அவரு இன்னா நெனைப்பாரு?"

"எடுக்க மாட்டாங்க."

"எடுத்தாங்கன்னா?"

"பேண்டை ஆரம்பிச்சதே அவருதான் வாணி. அவரை எப்படி எடுப்பாங்க? வீட்டைக் கட்டுனவனை வீட்டை விட்டு வெளிய போன்னுவாங்களா?"

கதிர்வேல் ஏற்கெனவே சுருதி சேர்த்திருந்த கிட்டாருக்கு மறுபடியும் சுருதி சேர்ப்பான்.

4

எனக்கு இசைவாணி மேல்தான் சந்தேகம்.

மேடையில் அவள் உறுமினால் முன்வரிசையில் இருக்கும் குழந்தைகள் எழுந்து பின்வரிசைக்குப் போகிறார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஒருவன் முகத்துக்கு நேரே "நீ வேணாம்டா" என்று சொல்ல வரவில்லை என்றால் வாசகர் நம்புவாரா? அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். நேராகச் சொல்லிவிட்டாள். கதை முக்கால் பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆகவே ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

இசைவாணி மஞ்சக்குப்பத்தில் சர்ச் கொயரில் பாடிக்கொண்டிருந்தவள். அவள் பேண்டில் சேர அவளுடைய அப்பா சம்மதிக்கவில்லை. செம்பியன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனான். ஹாலில் உட்கார்ந்தான். கொடுத்த காபியைக் குடித்தான்.

"இன்னா மாதிரி பாட்டுப்பா இது?" என்று கேட்டார் அப்பா.

"கொஞ்சம் சத்தமா இருக்கும் அங்கிள்."

"பாட்டுல கடவுள் வருவாரா?"

"அடிக்கடி வருவாரு அங்கிள்."

எந்தக் கட்சியில் வருவார் என்று அப்பா கேட்கவில்லை. செம்பியனும் சொல்லவில்லை. இசைவாணிக்கு உறுமக் கிடைத்தது அந்த ஒரு பதிலால்தான். அவனிடம் போய் எப்படிச் சொல்வாள்?

[இந்த இடத்தில் சிதம்பரத்துத் தவில் வித்வான் ஒருவர் நுழைந்து, அந்த மேல்நாட்டு டிரம்மரின் வாசிப்பைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, காலப்பிரமாணம் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்லி எல்லோரையும் வாயடைக்க வைக்க வேண்டும். நானும் அவருக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்தேன். அவருக்கு இன்று முகூர்த்தக் கச்சேரி. வரமாட்டார். நாற்காலியை மடித்துவிடுகிறேன்.]

5

ஷெட்டில் சொல்லிக் காதில் ஏறாததை மைக்கில் சொன்னால் ஏறும் என்று கதிர்வேல் கணக்குப் போட்டான்.

கல்லூரித் தமிழ் மன்றம் ஆண்டுதோறும் ஒரு பட்டிமன்றம் நடத்தும். குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்பதே தலைப்பு. கணவனும் மனைவியும் சலித்துப்போய்விட்டார்கள் என்று மாணவர்கள் இந்த வருஷம் புகார் செய்தார்கள். மன்றத்தின் பொறுப்பாளரும் நிரந்தர நடுவருமான பேராசிரியர் வைத்திலிங்கத்திடம் கதிர்வேல் ஒரு புதுத் தலைப்போடு போனான். ஐயா அந்த டிரம்மரின் பாட்டு ஒன்றை முழுதாகக் கேட்டார்.

"சொற்கள் தெளிவாக இல்லை. கோபம் தெளிவாக இருக்கிறது" என்றார். பிறகு தலைப்பைத் தமிழாக்கிக் கொடுத்தார்:

"புகழ்பெற்ற வல்லுலோக இசைக்குழுவின் வெற்றிக்கு அதன் முழவர் பலமா? பாரமா?"

[வேதியியல் துறையை வைத்து இங்கே ஒரு ஜோக் இருந்தது. நீங்களே யூகித்திருப்பீர்கள் என்பதால் எடுத்துவிட்டேன்.]

திட்டம் இதுதான். செம்பியன் தன் தெய்வத்துக்காக "பலமே" என்று பேசுவான். எதிரே இசைவாணி "பாரமே" என்று பேசுவாள். ஓட்டுவது எப்படி ஒரு பேண்டைக் கெடுக்கும் என்று புட்டுப் புட்டு வைப்பாள். இறங்கும்போது செம்பியனுக்குப் புரிந்திருக்கும். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அழகான திட்டம். தமிழ் மன்றத்தில் எந்த அணி யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள் என்பதைக் கதிர்வேல் மறந்துவிட்டான்.

செம்பியன் எடுத்த சீட்டில் "பாரமே" என்று இருந்தது. இசைவாணிக்குப் "பலமே".

மாற்றிக்கொள்ளலாமா என்று கதிர்வேல் ஐயாவிடம் கேட்டான். செம்பியனே தடுத்துவிட்டான். அவன் ஆறாம் வகுப்பிலிருந்து பட்டிமன்றம் பேசுகிறவன். மழை நல்லதா கெட்டதா என்று ஒரே வாரத்தில் இரண்டு பள்ளிகளில் இரண்டு பக்கமும் பேசி இரண்டிலும் பரிசு வாங்கியவன். சீட்டைப் பிரித்த பிறகு சொந்தக் கருத்து வைத்துக்கொள்வது பேச்சாளருக்கு அழகில்லை என்பது அவன் கொள்கை.

"தெய்வத்தையே திட்டுவியா மச்சான்?" என்றான் கதிர்வேல், கடைசி முயற்சியாக.

"தலைப்பு தெய்வத்தைவிடப் பெரிசுடா" என்றான் செம்பியன்.

6

இசைவாணி முதலில் பேசினாள். மேற்கோள்களோடு தயாரித்து வந்திருந்தாள். நடுவர் அவர்களே என்று தொடங்கியவள் மேற்கோள்களை மறந்துவிட்டாள்.

"ஓட்டுறாருன்னு சொல்றாங்க. ஒத்துக்கறேன். ஆனா நடுவர் அவர்களே, மேடைன்னு ஒண்ணு இருந்தாத்தானே அதுல ஓட்ட முடியும்? அந்த மேடையைப் பிடிச்சுக் குடுத்தது யாரு? மழையில டிரம் செட் மேல தார்ப்பாயப் போட்டு மூடிட்டு, வண்டிக்குப் பின்னாடி நனைஞ்சிக்கினே வந்தது யாரு?"

"அமெரிக்காவில் தார்ப்பாய் உண்டா?" என்று நடுவர் குறுக்கே கேட்டார். சிரிப்பு எழுந்தது.

"நல்லவங்க இருக்கற எல்லா ஊர்லயும் உண்டு ஐயா" என்றாள் இசைவாணி. அவள் சிரிக்கவில்லை. "பாடக் கூடாதுன்னு சொன்ன வீட்டுக்குப் போய், உக்காந்து, காபி குடிச்சு, ஒரு குரலை வெளிய கூட்டியாந்தது யாரு? கை கொஞ்சம் முந்தும். முந்தட்டுமே. முந்தி வந்ததனாலதான் நடுவர் அவர்களே, நாங்கள்லாம் — அவங்கள்லாம் மேடைக்கே வந்தாங்க."

இதைப் பேசப் பேசத்தான் அவளுக்கே இது தெரிய வந்தது. மணி அடித்த பிறகும் அவள் மைக்கை விடவில்லை.

அடுத்து செம்பியன்.

அவன் எல்லாவற்றையும் தயாரித்து வந்திருந்தான். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் அந்த டிரம்மர் தடுமாறினார், எங்கே இரண்டு கால் வேலையை ஒரு காலில் முடித்துக்கொண்டார், எங்கே நாக்கை நீட்டினார் என்று வரிசையாக அடுக்கினான். எதிரியைவிடப் பக்தனுக்குத்தான் குறைகள் துல்லியமாகத் தெரியும். அரங்கம் கைதட்டியது.

"ஆரம்பிச்சு வச்சாரு என்கிறார் எதிரணித் தோழி. நன்றி சொல்லலாம், மாலை போடலாம். ஆனால் கட்டடம் கட்டியவர் என்பதற்காக லிஃப்டையும் அவரேதான் ஓட்ட வேண்டுமா? நன்றி வேறு, தாளம் வேறு நடுவர் அவர்களே."

பலத்த கைதட்டல். சிரித்தபடி கூட்டத்தைப் பார்த்தான். மூன்றாவது வரிசையில் கதிர்வேல். கைதட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அருண்பாண்டியன், விரல்களால் முழங்காலில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். கெடிலத்தின் பாட்டை. சரியான வேகத்தில்.

[இந்த இடத்தில் என்ன எழுதுவது என்று பல நாள் யோசித்தேன். "அவன் கண்கள் கலங்க —" என்று ஒரு வாக்கியம் இருந்தது. நூறு பேர் பார்க்க மைக் முன்னால் கண் கலங்க அவன் ஒத்துக்கொள்ளவில்லை.]

செம்பியன் தண்ணீர் குடித்தான். அவனுக்கு இன்னும் நேரம் இருந்தது. பழகிய பேச்சாளன், நேரத்தை வீணாக்க மாட்டான்.

"முடிவாக ஒன்று" என்றான். "அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். தினமும் பக்கத்தில் நின்று வாசிக்கிறார்கள். ஒருவராவது அவர் முகத்துக்கு நேரே சொன்னார்களா? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். சொல்லாமல் அவரைப் பாரமாக்கியது அவர்கள்தான் நடுவர் அவர்களே. என் தலைப்பை நான் நிரூபித்துவிட்டேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பேராசிரியர் வைத்திலிங்கம் எல்லா ஆண்டும் "இரண்டும் தேவை" என்று தீர்ப்புச் சொல்லி எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிடுவார். அன்று "பாரமே" என்றார். சிறந்த பேச்சாளர் கோப்பையும் செம்பியனுக்கே.

7

பிறகு பஸ். நான் பின்சீட்டில் இருந்தது இதற்குத்தான்.

"நான் போயிடறேன். அதான் எல்லாருக்கும் நல்லது."

"அது பட்டிமன்றம்டா. சீட்டுல வந்ததைத்தான் பேசின."

"சீட்டுல எது வந்தாலும் பேசறது வேற. நான் பேசுனது எனக்கே சரின்னு பட்டுச்சு. மூணு மாசமா ஜாடை பேசியிருக்கீங்க, நான் இன்னாடான்னா அந்தாளுக்கு வக்காலத்து வாங்கிக்கினு இருந்திருக்கேன்."

"நானும்தான் பேசுனேன். எனக்கும்தான் சரின்னு பட்டுச்சு. நீ போயிட்டா அப்புறம் இன்னா இருக்குது, சொல்லு."

"அருண்பாண்டியன் இருக்கான். கரெக்டா வாசிப்பான்."

"கரெக்டா வாசிச்சு?"

"நீ நல்லா பாடலாம். நான் ஓட்டும்போது உனக்கு மூச்சு விடவே எடமில்ல. எனக்குத் தெரியும் வாணி. தெரிஞ்சேதான் ஓட்டுனேன். நிறுத்த வரல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மூச்சை நான் பாத்துக்கறேன். அத நீ சொல்ல வேணாம்" என்றாள்.

ஆக, அவனை அனுப்பிவிட நினைத்தவள் அவன் இருக்க வேண்டும் என்கிறாள். அசையவே மாட்டேன் என்று இருந்தவன் போகிறேன் என்கிறான். ஒரு பட்டிமன்றத்தில் இரண்டு பேச்சாளர்களுமே தங்கள் சொந்தப் பேச்சாலேயே தோற்கடிக்கப்பட்டது இதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். புள்ளிவிவரம் என்னிடம் இல்லை.

8

முடிவுகள். என்னிடம் மூன்று இருந்தன.

அ) செம்பியன் பேண்டின் மேனேஜர் ஆகிறான். எல்லோருக்கும் நிம்மதி. எழுதிப் படித்துப் பார்த்தேன். வங்கி விளம்பரம் மாதிரி இருந்தது.

ஆ) இரண்டு டிரம்மர்களும் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஒருவன் சரியாக, ஒருவன் வேகமாக. அந்த மேடைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களை நினைத்துக் கைவிட்டேன்.

இ) செம்பியனும் இசைவாணியும் — இல்லை. துபாய் மாப்பிள்ளையை இறக்கிவிட்டாயிற்று என்பதற்காக அந்த இடத்தை இவனை வைத்து நிரப்ப மாட்டேன். இது டிரம்ஸ் பற்றிய கதை.

ஆகவே மேடைக்கே போய்விடுவோம்.

தேவனாம்பட்டினம் கடற்கரை. வெயில் இறங்கிவிட்டது. கெடிலத்துக்கு முன்னால் யோகாசனம் செய்த சிறுவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். குட்டியானையில் டிரம் செட்டை ஏற்றி வந்து இறக்கிப் பொருத்தியது செம்பியன்தான். போவதாக முடிவு செய்தவன் எதற்கு இதையெல்லாம் செய்கிறான் என்று கதிர்வேல் கேட்கவில்லை. அருண்பாண்டியனும் வந்திருக்கிறான், யார் வரச்சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. டிரம் செட்டின் பின்னால் ஒரே ஒரு முக்காலி. அதன் இரண்டு பக்கமும் இருவர்.

"நீங்க உக்காருங்கண்ணே" என்கிறான் அருண்பாண்டியன்.

"இல்ல தம்பி, நீ உக்காரு."

"உங்க செட்டுண்ணே."

"செட்டுதான் என்னுது. பாட்டு அவுங்களது. உக்காரு."

"நீங்க முன்னாடி உக்காருங்கண்ணே, நான் அப்புறமா..."

கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்கு நடப்பது போல நடக்கிறது. கூட்டத்தில் யாரோ விசிலடிக்கிறார்கள். அறிவிப்பாளர் கெடிலம் என்ற பெயரைச் சொல்லி, அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் ஆற்றைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுகிறார். புகை மெஷினை யாரோ போட்டுவிட்டார்கள். டிரம் செட்டும் இரண்டு பையன்களும் புகைக்குள் போகிறார்கள். முக்காலி கிறீச்சிடும் சத்தம். யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.

இசைவாணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பாட முடியாமல் போகலாம். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். இந்தக் குழுவில் மூன்று வரை அவள் எண்ணுவாள். நான்காவது எண் டிரம்மரின் அடி. அது விழ வேண்டிய நேரத்தில் விழுந்தால் புகைக்குள் இருப்பது அருண்பாண்டியன். ஒரு துளி முந்தினால் செம்பியன். யார் என்று நான் எழுதப் போவதில்லை. நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

அவள் வாயை மூடுவதற்குள் உங்கள் மனசு நாலு என்று சொல்லிவிட்டது. கொஞ்சம் முந்தித்தான்.